கொழுக்கவைக்கும் பட்டிக்கு வக்காலத்து

அமெரிக்காவின் ஃபீட்லாட்டில் நிற்கும் மாட்டுக்குக் கிடைக்கிற மருத்துவக் கவனிப்பு இந்தியாவில் பாதி மனிதருக்குக் கிடைப்பதில்லையாம். ஒவ்வொரு மாட்டையும் தினமும் ஒருவர் பார்க்கிறாராம். மருத்துவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு மருந்துகூட உள்ளே போவதில்லையாம். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் சாகிறதாம். ஆகவே குறை சொல்கிறவர்கள் எல்லாரும் மாட்டைச் சினிமாப் பாட்டில் மட்டும் பார்த்த நகரவாசிகளாம். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அடுக்குமொழி.

இதில் ஒவ்வொரு தகவலுக்குள்ளும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எரிச்சலே அதுதான். முழுப் பொய் என்றால் ஒரு வரியில் மறுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். கால் உண்மையை அடித்தளமாகப் போட்டு மாடி கட்டியிருப்பதால் இத்தனை பக்கம் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

ஃபீட்லாட் என்பது மாட்டைக் கொழுக்கவைக்கும் பட்டி. டெக்சாஸின் வடகோடி, கான்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ என்று மழை குறைந்த சமவெளிகளில் மண் தரை அடைப்புகள் வரிசையாக நீளும். ஒரு பக்கம் சிமென்ட் தீவனத்தொட்டி, மற்ற பக்கங்களில் வேலி. மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த கன்று சுமார் 300 கிலோ எடையில் இங்கே வந்து இறங்கும். ஐந்தாறு மாதம் பெரும்பாலும் மக்காச்சோளம் தின்று 600 கிலோவைத் தாண்டியதும் இறைச்சிக்கூடத்துக்கு லாரி ஏறும். 1,000 மாடும் அதற்கு மேலும் கொள்ளும் பட்டிகளில் மட்டும், எந்த நாளில் எண்ணினாலும் ஒரு கோடிக்கு மேல் நிற்கும்.

தினமும் பார்க்கிறார்கள் என்ற பெருமையை முதலில் எடுத்துக்கொள்வோம். பார்க்கிறவர் மருத்துவர் அல்ல, குதிரைமேல் வரும் பட்டி ஆள். அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், நல்ல கண் உள்ளவர்கள் உண்டு. தலை தொங்குகிறதா, தொட்டிக்கு வராமல் ஒதுங்கி நிற்கிறதா, மூச்சு இரைக்கிறதா என்று பார்த்து, சந்தேகமான மாட்டைப் பிரித்து ஓட்டிவந்து, வெப்பமானி வைத்து, எழுதிக் கொடுத்திருக்கும் முறைப்படி ஊசி போடுவார்கள். அந்த முறையை எழுதிக் கொடுத்த மருத்துவர் பல பட்டிகளுக்கு ஆலோசகர். வாரத்துக்கொரு முறையோ மாதத்துக்கொரு முறையோ வந்து போவார். பட்டி ஆளோ ஒரு காலையில் சில ஆயிரம் மாடுகளைப் பார்த்து முடிக்க வேண்டும். மாடு வேட்டை விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம். நோவைக் காட்டிக்கொள்வது அதன் சுபாவத்திலேயே கிடையாது. குதிரையும் ஆளும் நெருங்கினால் காய்ச்சலில் கிடக்கும் மாடும் எழுந்து நிமிர்ந்து நிற்கும்.

இந்தப் பார்வை எவ்வளவு கூர்மை என்று அளந்தும் இருக்கிறார்கள். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட் வொயிட்டும் டேவிட் ரென்ட்டரும் 2009ல் வெளியிட்ட கணிப்பின்படி, மூச்சுக்குழல் நோய் உள்ள 100 மாடுகளில் சுமார் 62ஐத்தான் கண் பிடிக்கிறது. நோயில்லாத 100ல் சுமார் 37ஐ நோயாளி என்று தவறாகச் சொல்கிறது. 2016ல் வேறொரு குழு இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, பிடிபடும் நோயாளி 100க்கு 27 என்று இறங்கியது. இதைவிடக் கசப்பான கணக்கு 1996லேயே வந்துவிட்டது. 469 காளைக்கன்றுகளைப் பிறந்ததிலிருந்து வெட்டும் நாள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவற்றில் 35 சதவீதத்துக்கு மூச்சு நோய் என்று சொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. வெட்டியபின் நுரையீரலைப் பார்த்தால் 72 சதவீதத்தில் நோயின் வடு. ஒருநாளும் மருந்தே வாங்காத, ‘ஆரோக்கியமான’ மாடுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் 68 சதவீதத்தில் வடு இருந்தது.

கட்டுரையாளர் புகழும் தினசரிக் கவனிப்பின் கையில் இருக்கும் மதிப்பெண் இது. பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. நோயைப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சரி, இத்தனை நுரையீரல்களில் வடு எப்படி வந்தது? கட்டுரையில் இதற்கு இடமே இல்லை. அவர் கதை பட்டியின் வாசலில் தொடங்குகிறது. நோயோ அதற்குப் பல நூறு கிலோமீட்டர் முன்பே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் இறைச்சிக்கன்று ஈனும் பண்ணைகளில் மிகப் பல சிறியவை. டென்னசி, கென்டக்கி, அலபாமா, மிசிசிப்பி பக்கம் 20, 30, 40 தாய்மாடு வைத்திருப்பவர்கள். வேறு வேலைக்குப் போய்க்கொண்டே மாடும் வளர்ப்பவர்கள் பலர். காலையில் தாய்மடியில் வாய் வைத்திருந்த கன்றைப் பிரித்து அன்றைக்கே சந்தைக்கு ஏற்றிவிடுவது அங்கே சாதாரணம். சந்தையில் பத்துப் பதினைந்து பண்ணைக் கன்றுகள் ஒரே அடைப்பில் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். தரகர் ஒரே எடையும் ஒரே அளவுமாகப் பொறுக்கி ஒரு லாரிக்குச் சேர்ப்பார். பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான பயணம், பலதுக்கு வழியில் தண்ணீர்கூட இல்லை. தாயைத் தேடிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கன்று, வாழ்நாளில் தொட்டியையே பார்த்திராத கன்று, பட்டியில் இறங்குகிறது. இறங்கியதும் அல்லது மறுநாளே இரும்புக் கூண்டில் தலையை மாட்டி, இரண்டு மூன்று தடுப்பூசி, புழு மருந்து, காதுத் தோலுக்கடியில் வளர்ச்சி ஹார்மோன், அடையாள வில்லை. காயடிக்காமல் வந்திருந்தால் அதுவும் அதே நேரத்தில்.

மான்ஹைமியா ஹீமோலிட்டிகா என்ற பாக்டீரியா நல்ல மாட்டின் தொண்டையிலேயே சத்தமில்லாமல் குடியிருக்கும். பயமும் பசியும் களைப்பும் உடம்பின் காவலைத் தளர்த்த, பக்கத்துப் பண்ணைக் கன்றிடமிருந்து தொற்றிய வைரஸ் மூச்சுக்குழலின் உள்பூச்சை அரிக்க, அது நுரையீரலுக்குள் இறங்குகிறது. இறங்கியதும் வெள்ளை அணுக்களையே கொல்லும் நச்சைச் சுரக்கிறது. இந்த மூச்சு நோய்க்கு மாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பழைய பெயரே ‘லாரிக் காய்ச்சல்’ என்ற பொருள் தரும். அமெரிக்க வேளாண் துறை 2011ல் எடுத்த கணக்கில் பட்டிக்கு வந்த மாடுகளில் 16 சதவீதம் இதற்கு ஆளாயின. கண்ணில் பட்டவை மட்டும்தான் இந்த 16. கண்ணில் படாதவற்றின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

இதற்குப் பட்டி கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? வந்திறங்கும் கூட்டம் மொத்தத்துக்கும், நோயுள்ளது இல்லாதது பாராமல், நீண்ட நாள் உடம்பில் நிற்கும் ஆன்டிபயாடிக் ஊசி. டுலாத்ரோமைசின், டில்மிகோசின், செஃப்டியோஃபர் என்று வரிசையாக மருந்துகள் உண்டு. அதே 2011 கணக்கில் 59 சதவீதப் பட்டிகள் இப்படிக் கூட்டத்தோடு குத்தின. அந்த ஊசி பெற்றவை மொத்த மாடுகளில் 21 சதவீதம். இது வேலை செய்கிறதா என்றால் செய்கிறது, சாவு குறைகிறது. அதைத்தான் கட்டுரையாளர் கருணை என்கிறார். வீட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு மழை வந்ததும் குடை நீட்டுகிறவனைக் கொடைவள்ளல் என்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குடைக்கும் ஓட்டை விழுகிறது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்த மான்ஹைமியா மாதிரிகளில், ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளுக்கு அடங்காதவை 2009ல் சுமார் 5 சதவீதம். 2011ல் 35 சதவீதம். இரண்டே ஆண்டு! இந்த எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மொத்தமாகத் தாவக்கூடியவை என்பதும் தெரிந்த விஷயம்தான்.

மாற்று வழி இல்லையா என்றால், 1960களிலிருந்தே இருக்கிறது. கன்றைத் தாயிடமிருந்து பிரித்தபின் 45 நாள் பிறந்த பண்ணையிலேயே வைத்திருந்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னவும் குடிக்கவும் பழக்கி, காயடித்த புண் ஆறியபின் அனுப்புவது. இப்படி வந்த கன்றுக்கு நோய் குறைவு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் 45 நாள் தீவனச் செலவும் வேலையும் சிறு பண்ணைக்காரர் தலையில், லாபத்தில் பெரும்பங்கு பட்டிக்காரருக்கு. நடுவில் சந்தையில் கைமாறும்போது எந்தக் கன்று பழகியது, எது பழகாதது என்று சொல்ல நம்பகமான சீட்டு பல நேரம் இல்லை. ஊசி மலிவு. ஆக ஊசி ஜெயித்தது. இதில் மருத்துவம் எங்கே தோற்றது, கணக்குப்பிள்ளை எங்கே ஜெயித்தார் என்று பிரித்துக் காட்டியிருந்தால் கட்டுரையாளருக்கு நான் கைதட்டியிருப்பேன்.

அடுத்தது மருத்துவர் கையெழுத்து. 2017 ஜனவரி முதல், மனிதருக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை அமெரிக்க உணவு மருந்துத் துறை நிறுத்தியது. நோய்க்காகக் கலப்பதற்கும் கால்நடை மருத்துவரின் உத்தரவு வேண்டும் என்றது. 2023 ஜூனில் கடையில் கிடைத்த ஊசி மருந்துகளும் மருந்துச்சீட்டுக்குள் வந்தன. நல்ல மாற்றங்கள். உணவு விலங்குகளுக்கான இந்த மருந்துகளின் விற்பனை 2017ல் ஒரே ஆண்டில் 33 சதவீதம் இறங்கியது. இந்த எண்ணைக் கட்டுரையாளர் தடித்த எழுத்தில் போடுகிறார். மறு ஆண்டே 9 சதவீதம் ஏறியதைப் போடவில்லை. பக்கத்தில் இடம் இல்லை போலும்.

உத்தரவு வேண்டும் என்று சட்டம் சொன்னதே தவிர, எதற்கு உத்தரவு தரலாம் என்ற கதவைப் பெரிதாகவே திறந்து வைத்திருக்கிறது. சிகிச்சை, நோய் பரவாமல் கட்டுப்படுத்தல் ஆகியவற்றோடு ‘வருமுன் தடுத்தல்’ என்பதும் செல்லும். இதன் முழு அர்த்தம் புரிய டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்கின் கதையைக் கேட்க வேண்டும்.

மாட்டின் முதல் வயிறு புல்லை ஊறவைத்து நொதிக்கவைக்கும் தொட்டி. நார் மெல்ல மெல்ல உடையும், மாடு அசைபோடும், எச்சில் ஊறி அமிலத்தை அடக்கும். பட்டியின் கடைசிக் கட்டத் தீவனத்தில் நார்ச்சத்துள்ள பொருள் பத்தில் ஒரு பங்குக்கு முன்பின். மிச்சம் பெரும்பாலும் தானியம். தானியத்தின் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறுகிறது. வயிற்றின் உள்சுவர் புண்ணாகிறது. அந்தப் புண் வழியாக ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் ரத்தத்தில் புகுந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி கட்டுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. மாடு தின்றுகொண்டுதான் இருக்கும். வெட்டும் இடத்தில் கல்லீரலை எடுத்துப் பார்க்கும்போதுதான் கட்டி தெரியும். பெரும்பாலான பட்டிகளில் இது 100க்கு 12 முதல் 32 வரை என்று நாகராஜாவும் லெக்டன்பெர்க்கும் 2007ல் தொகுத்து எழுதினார்கள். நாகராஜா கான்சாஸில் வாழ்நாளெல்லாம் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களையே ஆராய்ந்தவர்.

இதைக் குறைக்கத்தான் டைலோசின். தலைக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 மில்லிகிராம், கொழுக்கவைக்கும் காலம் பெரும்பாலும் முழுக்க, தீவனத்தோடு. சீழ்க்கட்டியை 40 முதல் 70 சதவீதம்வரை குறைக்கும். டைலோசின் மாக்ரோலைடு குடும்பம். நம் ஊர் மருந்துக்கடையில் இருமலுக்குக் கேட்டு வாங்கும் அஸித்ரோமைசினுக்குப் பங்காளி. வளர்ச்சி ஊக்கியாக இதைக் கொடுப்பதை ஐரோப்பா 1999லேயே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் இதன் சீட்டில் ‘கல்லீரல் கட்டி குறைக்க’ என்று எழுதியிருந்ததால் 2017 சட்டம் இதை நிறுத்தவில்லை. சட்டத்துக்கு முன்பும் பின்பும் அதே மருந்து, அதே அளவு, அதே தொட்டி. புதிதாக ஒரு கையெழுத்து சேர்ந்தது. அந்தக் கையெழுத்தும் ஒருமுறை போட்டால் ஆறு மாதம்வரை செல்லும். ஒரு மாடு பட்டியில் இருப்பதே அவ்வளவுதான்!

தினந்தோறும் கொடுக்கும் தீவனத்தாலேயே வரும் நோய், அதற்குத் தினந்தோறும் அதே தீவனத்தில் மருந்து. இதைக் கட்டுரையாளர் ‘முன்னெச்சரிக்கை மருத்துவம்’ என்கிறார். நாரைக் கூட்டினால் கட்டி குறையும். எடை ஏறும் வேகமும் குறையும். அதனால் கூட்டுவதில்லை.

மருந்தின் பெயரால் உடல்நலத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்களும் தொட்டிக்குள் போகும் என்பதைச் சில்மாக்ஸ் காட்டியது. 2006ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தத் தசை வளர்க்கும் பொருள் கடைசி மூன்று வாரம் கொடுக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் டைசன் என்ற இறைச்சி நிறுவனம், இதைத் தின்ற மாடுகள் சில நடக்கமுடியாமல் வருவதாகச் சொல்லி இனி வாங்கமாட்டோம் என்றது. அதே மாதம் இதைத் தயாரித்த மெர்க் விற்பனையை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு லோனெர்கன் குழு வெளியிட்ட ஆய்வில், இந்த வகைப் பொருள்களைத் தின்ற மாடுகளின் சாவு தின்னாதவற்றைவிட 75 முதல் 90 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஏழு ஆண்டுகளாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் என்ன செய்தன? முதலில் நிறுத்தியது மாட்டை வாங்குகிறவன்.

வலியைப் பற்றி ஒரு வரி. மாட்டின் வலிக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து 2017ல்தான் வந்தது, அதுவும் குளம்பு அழுகலுக்கு. பக்கத்து நாடான கனடாவின் வளர்ப்பு நெறிகள் 2018 முதல் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கன்றைக் காயடித்தால் வலிமருந்து கட்டாயம் என்கின்றன. உலகின் தலைசிறந்த கால்நடை மருத்துவம் என்று எழுதும்போது இது நினைவுக்கு வரவில்லையா?

சாவுக் கணக்குக்கு வருகிறேன். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்பது சரிதான். ஆனால் இறப்பது யார்? ஒன்று, ஒன்றரை வயது இளங்கன்றுகள். 15, 20 ஆண்டு வாழக்கூடிய விலங்கு, துள்ளித் திரியும் வயதில், ஐந்தாறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஒன்றிரண்டு செத்தால் அது பெருமையா? எத்தனை மருந்து போட்டும் தேறாமல், பாதி விலைக்குத் தள்ளிவிடப்படும் நோயாளி மாடுகள் இந்தச் சாவுக் கணக்கில் சேராது. இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் எழாவிட்டால் அதற்குமேல் போடாதே என்று முறையிலேயே எழுதியிருக்கும். அந்த வரியை எழுதியது ஸ்டெதஸ்கோப் அல்ல, விலைப்பட்டியல். 2022 ஜூனில் தென்மேற்குக் கான்சாஸில் 38 டிகிரிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் காற்றில்லாமையும் சேர்ந்தபோது, மாநில அரசுக்குத் தெரிய வந்தவை மட்டும் குறைந்தது 2,000 மாடுகள் சில நாளில் மாண்டன. கொழுத்து வெட்டுக்குத் தயாரான உடம்புதான் வெயிலை அதிகம் தாங்காது. நிழலுக்கு மருந்துச்சீட்டு தேவையில்லை.

கட்டுரையின் நடுவில் அமெரிக்கக் கால்நடை மருத்துவத்தின் பழம்பெருமை வருகிறது. தியோபால்ட் ஸ்மித், உண்ணிக் காய்ச்சல், திருகுப்புழு ஒழிப்பு. இவற்றுக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் எதற்காக வணங்குகிறோம் என்று யோசித்தாரா? ஸ்மித்தும் கில்போர்னும் 1893ல் டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி என்று நிறுவினார்கள். 1906ல் அரசு உண்ணியையே ஒழிக்க இறங்கியது. மாட்டை ஆயுளுக்கும் காய்ச்சல் மருந்தில் ஊறவைக்கவில்லை. நிப்ளிங்கும் புஷ்லாண்டும் ஆண் ஈயை மலடாக்கிப் பறக்கவிட்டு, 1954ல் கூரசாவ் தீவில், கால்நடைப் புண்ணில் வளரும் ஈப்புழுவான திருகுப்புழுவை இல்லாமலே செய்தார்கள். புண்ணுக்குக் களிம்பு விற்றுக்கொண்டிருக்கவில்லை. காரணத்தைத் தேடிப் போய் அதை வேரோடு எடுத்தவர்கள் இவர்கள். லாரிக் காய்ச்சலின் காரணமும் கல்லீரல் கட்டியின் காரணமும் பல பத்தாண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் தொடாமல் மருந்தைத் தொட்டியில் கொட்டுகிறவர்களுக்கு ஸ்மித்தின் பெயரைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அவர் சொன்னதில் இரண்டை ஒப்புக்கொள்கிறேன். தானியத்தில் கொழுத்த மாடு, புல்லில் மட்டும் வளர்ந்ததைவிடக் கிலோவுக்குக் குறைந்த மீத்தேன் விடுகிறது. அது உண்மை. வேறு விவாதம், வேறு நாள் பேசலாம். ‘ஆன்டிபயாடிக் இல்லாத இறைச்சி’ என்று முத்திரை குத்தி விற்பதற்காக நோயுள்ள மாட்டுக்கு மருந்தைத் தாமதிக்கும் ஆபத்து உண்டு என்கிறார். அதுவும் உண்மை. நோயுற்ற மாட்டுக்கு மருந்து கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, விவரம் தெரிந்த ஒருவரும் சொல்லவில்லை. நோயுண்டாக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டே அதற்கான மருந்தைப் புகழாதே என்கிறேன்.

கடைசியாக அந்த நகரவாசி வசை. நான் இங்கே அழைத்த சாட்சிகளில் ஒருவரும் கவிஞர் அல்லர். வொயிட், ரென்ட்டர், லோனெர்கன் ஆகியோர் கால்நடை மருத்துவர்கள், பட்டி நோய்களை ஆராய்ந்தவர்கள். மற்ற எண்கள் அமெரிக்க அரசின் ஆவணங்களிலும் மாட்டுத் தொழில் படிக்கும் ஆய்விதழ்களிலும் வந்தவை. பட்டியின் மருத்துவர்களே தங்கள் தொழிலின் குறையை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் அவர்களுக்காக வக்காலத்து வாங்க வந்திருப்பவர்தான் பட்டிக்கு வெளியே நிற்கிறார்.

பதில் எழுதுவதானால் எழுதட்டும், வரவேற்கிறேன். எழுதும்போது இறைச்சிக்கூடத்தின் நுரையீரல் கணக்கையும் கல்லீரல் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும். இரண்டும் அச்சில் கிடைக்கின்றன.